பகல் ஆட்டம், ராத்திரி ஆட்டம்: கள்ளக்குறிச்சிக் காற்றின் திரைக்குப் பின்னால்

பருவம் மாறினால் இழுப்பு வரும் என்று நம் ஊரில் பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் தெரியும். "கிளைமேட் மாறுது, பாத்து இரு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் கிளைமேட் மாறும்போது காற்றுக்குள் என்னதான் நடக்கிறது? யார் வருகிறார்கள், யார் போகிறார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தவன் நான். இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே பேசிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு பெரிய கூத்து அது!

கூத்து என்ற சொல்லை இங்கே தெரிந்தேதான் போடுகிறேன். விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கத்துத் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளிச்சத்தில் நிற்கும் வேஷக்காரர் ஓரிருவர்தான். அரிதாரம் பூசிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும் கூட்டம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றும் அப்படித்தான். அதில் ஆடுகிறவர்கள் பூஞ்சை வித்துகள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஸ்போர் என்று படித்தோமே, அதே பொருள்தான். யார் எந்த வேளையில் மேடையேற வேண்டும் என்று முடிவு செய்கிறவை வெயில், ஈரம், காற்று, மழை. வாருங்கள், திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிடலாம்.

முதலில் பகல் ஆட்டக்காரர்கள்.

சின்னசேலம் சாலையோரத்து மக்காச்சோளக் கொல்லை ஒன்றில், கதிர் முற்றித் தோகை காய்கிற நாளில், வெயில் ஏறியபின் போய் நில்லுங்கள். இலையில் நீளநீளமாகச் சாம்பலும் பழுப்புமாகக் கருகல் தெரியும். இலைக்கருகல் நோய் என்று விவசாயிக்குப் பழக்கமானதுதான். அந்தக் கருகலுக்கு மேல் இரவெல்லாம் பனி ஈரத்தில் ஒரு பூஞ்சை காம்பு விட்டு, காம்பு நுனியில் வித்துக் கட்டி நின்றிருக்கிறது. சூரியன் ஏறி இலை உலரத் தொடங்குகிற அந்த நிமிஷங்களில் வித்துகள் காம்பைவிட்டு எகிறிக் குதிக்கின்றன! காற்று உலுக்கி விழுவதில்லை, தானாகவே குதிக்கின்றன. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் லீச் என்ற ஆய்வாளர் 1975இல் இதே மக்காச்சோளப் பூஞ்சையை வைத்து இதைக் காட்டினார். ஈரப்பதம் சட்டென்று இறங்கினாலும் சரி, சிவப்பு ஒளியும் வெப்பக் கதிரும் மேலே பட்டாலும் சரி, வித்து துள்ளி விழுகிறது. காய்கிற இலையில் ஏறும் மின்னேற்றம்தான் அதைத் தள்ளுகிறது என்பது அவர் வாதம்.

இதைவிட எனக்குப் பிடித்த ஆள் நைக்ரோஸ்போரா. நெல், மக்காச்சோளம், கரும்பு மூன்றிலும் குடியிருக்கும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த பூஞ்சையோ என்று தோன்றும். அதன் வித்து உருண்டை, மினுமினுக்கும் கன்னங்கறுப்பு, குறுக்களவு 15 மைக்ரான் சுமார். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வித்துக்கு அடியில் இருக்கும் செல் ஒரு திரவத்தைப் பீய்ச்சியடித்து வித்தை வீசுகிறது. ஜான் வெப்ஸ்டர் என்ற ஆய்வாளர் 1952இல் அளந்தபோது பக்கவாட்டில் 6 சென்டிமீட்டருக்கும் மேல் போய் விழுந்திருக்கிறது. தன் உடம்பைப்போல நாலாயிரம் மடங்கு தூரம்! கண்ணுக்கே தெரியாத ஒரு பொருளுக்கு இப்படி ஒரு வீச்சு.

எண்ணிக்கையில் பகல் ஆட்டத்தின் ராஜபார்ட் யாரென்றால், கிளாடோஸ்போரியம். உலகத்தின் பெரும்பாலான ஊர்களில் காற்றில் மிக அதிகமாகக் கிடைக்கும் வித்து இதுதான். காய்ந்த கரும்புத் தோகை, வைக்கோல், சாலையோரச் சருகு, கூரை, சுவர் என்று இது உட்காராத இடமில்லை. ஆலிவ் பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். சங்கிலி சங்கிலியாகக் கட்டியிருக்கும், சின்னக் காற்றுக்கே ஒடிந்து கிளம்பும். உச்சிவேளையிலிருந்து மாலை வரை, வெயிலும் காற்றும் சேர்ந்த நேரத்தில் இதன் கூட்டம் உச்சத்தைத் தொடும்.

எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் ஆஸ்துமாக்காரர்கள் பயப்பட வேண்டியது அல்டர்னேரியாவுக்கு. ஒரு முனை பருத்து, மறுமுனை அலகு போல நீண்டு, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் சுவர் வைத்த பழுப்பு வித்து. மைக்ராஸ்கோப்பில் ஒரு தரம் பார்த்தவர் மறக்கமாட்டார். பெரிய உருவம் என்பதால் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். உடைந்த துண்டுகள் உள்ளே போகும். ஈரம் பட்டு முளைவிடத் தொடங்கினால் ஒவ்வாமையைத் தூண்டும் புரதத்தை இன்னும் அதிகமாகக் கசியவிடும். நம் மூக்குக்குள்ளே ஈரத்துக்கு என்ன பஞ்சம்? 1991இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திடீரென்று மூச்சே நின்றுபோகும் அளவுக்கு ஆஸ்துமா முற்றிய 11 இளம் நோயாளிகளைப் பார்த்ததில், 10 பேருக்கு அல்டர்னேரியா ஒவ்வாமை இருந்தது. இதைப் படித்த அன்றைக்குத்தான் இந்தக் கூத்தில் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

பொழுது சாயட்டும். ராத்திரி ஆட்டம் முற்றிலும் வேறு கூட்டம்.

இந்த ஆட்டக்காரர்களுக்கு வெயில் ஆகாது. ஈரம் வேண்டும், மழை நனைத்த மரக்கட்டை வேண்டும், மக்கிய இலை வேண்டும். அப்படியானால் எங்கே போக வேண்டும்? மேற்கே, கல்வராயன் மலைக்கு! கிழக்குத் தொடர்ச்சி மலையில் 2,000 அடி முதல் 3,000 அடி வரை, சில இடங்களில் அதற்கும் மேலே எழும்பி நிற்கும் மலை. அதன் மேலிருக்கும் வெள்ளிமலைப் பக்கம் கோடை இடிமழை விழுந்த மறுநாள் விடியலில் புற்றுக்காளான் தேடிக் கிளம்புவார்கள். கறையான் புற்றைப் பிளந்துகொண்டு வெள்ளைக் குடை விரிந்திருக்கும். அதை அப்படியே பறித்துக் குழம்பு வைத்துவிடுகிறோம். ஒரு நிமிஷம் பொறுத்து, குடையைத் திருப்பி அடியில் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறதே, அதைப் பாருங்கள். அந்த ஒவ்வொரு மடிப்பிலும் நான்கு நான்காக வித்துகள் குந்தியிருக்கின்றன.

அவை கிளம்பும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வித்தின் அடியில் ஒரு துளி நீர் திரள்கிறது. காற்றிலிருக்கும் ஈரமே அங்கே படிந்து துளியாகிறது. துளி பெருத்து, வித்தின் மேல் படர்ந்திருக்கும் நீர்ப்படலத்தைத் தொட்ட கணத்தில் இரண்டும் ஒன்றாக ஓடிக் கலக்கின்றன. அந்த உதைப்பில் வித்து எகிறிவிடுகிறது. கனடாவின் வின்னிபெக் நகரத்தில் இருந்த ரெஜினால்ட் புல்லர் 1909 முதல் எழுதிவந்த காளான் ஆராய்ச்சிகளில் இந்தத் துளியை விரிவாகப் பதிவு செய்தார். இன்றைக்கும் அதற்குப் பெயர் 'புல்லர் துளி'. எகிறிய வித்து மடிப்பின் நடுவரை மட்டும் போய், பிறகு நேராகக் கீழே இறங்கிக் குடைக்கு வெளியே வந்துவிடும். எதிர்ச்சுவரில் மோதாத அளவுக்குத்தான் எகிற வேண்டும். மோதினால் அங்கேயே ஒட்டிக்கொண்டு வீணாகும். அந்தக் கணக்குத் தப்புவது அரிது! வெளியே வந்தால் காற்று அசையாமல் கிடக்கிறது என்று வையுங்கள். அதற்கும் காளானிடம் வழி இருக்கிறது. தன் ஈரத்தை ஆவியாக்கிச் சுற்றிலும் உள்ள காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று பக்கவாட்டில் நகர, வித்துகளும் அதோடு நகர்கின்றன. தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று எமிலி டிரெஸ்ஸேர், மார்கஸ் ரோப்பர் குழுவினர் 2016இல் காட்டினார்கள்.

ராத்திரி ஆட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. காய்ந்த குச்சியிலும் தட்டையிலும் கறுப்புப் புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருக்கும் பைப்பூஞ்சைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் பெரும்பாலும் எட்டு வித்துகள். மழைநீரை உறிஞ்சிப் பைக்குள் அழுத்தம் ஏற ஏற, நுனி திறந்துகொள்ள, வித்துகள் சீறிப் பாயும். தானியப் பயிர்களைத் தாக்கும் ஜிபெரெல்லா என்ற பூஞ்சையை 2005இல் அளந்தார்கள். கிளம்பும் வேகம் விநாடிக்கு 34.5 மீட்டர். முடுக்கம் புவியீர்ப்பைப்போல 8,70,000 மடங்கு! இவ்வளவு ஆர்ப்பாட்டமும் எவ்வளவு தூரத்துக்கு? சில மில்லிமீட்டர். அந்தச் சில மில்லிமீட்டர் போதும். தரையை ஒட்டி அசையாமல் கிடக்கும் காற்றைத் தாண்டிவிட்டால், பிறகு மேலே ஓடும் காற்று கையேந்திக் கொள்ளும்.

நள்ளிரவு தாண்டி விடியற்காலை வரை இவர்கள் ராஜ்யம்தான். ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும் வேளை அது. இழுப்பு அதிகாலையில் முற்றுவதற்கு நம் உடம்பின் உள்கடிகாரம் ஒரு பெரிய காரணம். அதே வேளையில் இந்தக் கூட்டமும் காற்றில் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஐந்து மைக்ரான் அளவுள்ள வித்து அசையாத காற்றில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. ஒரு மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 2,000 அடி உயரத்தில் விட்ட வித்து தரைக்கு வந்துசேர எத்தனை நேரம் ஆகும்? ஏழு நாள்! ஏழு நாளில் காற்று எந்த ஊருக்கெல்லாம் போய்வரும்? மலையில் பிறந்தது மலையோடு போகும் என்று நினைக்க முடியாததற்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

கள்ளக்குறிச்சியின் இருப்பிடம்தான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் பரவசப்படுத்துவது. கல்வராயன் மலை ஊருக்கு மேற்கே இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் அடிப்பது மேல்காற்று. அந்த இரண்டு மூன்று மாதம் ஊருக்கு வரும் காற்று மலையைத் தடவிவிட்டுத்தான் வருகிறது. ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பிவிடும். அது கடலோரத்திலிருந்து கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் நெல் வயல்களைத் தாண்டி வரும் காற்று. ஒரே வீட்டு மொட்டைமாடியில் நின்று ஆடியில் காட்டை மூச்சுவிடுகிறோம், ஐப்பசியில் வயலை மூச்சுவிடுகிறோம். இது தவிர எல்லா மலைகளுக்கும் பொதுவான ஒரு நடைமுறை உண்டு: தெளிந்த இரவில் சரிவு குளிர்ந்து, குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கு வழியாகக் கீழே வழிந்திறங்கும். கோமுகி ஆறு இறங்கும் அதே திசையில், கச்சிராயபாளையத்தை நோக்கி, ராத்திரி ஆட்டக்காரர்களுக்கும் ஒரு பாதை திறந்திருக்கிறது.

மழை வந்தால் காற்று கழுவிவிட்டாற்போல் ஆகிவிடும் என்றுதானே நினைக்கிறோம்? பாதிதான் உண்மை. நின்று பெய்யும் மழை அல்டர்னேரியா போன்ற பெரிய வித்துகளை நன்றாகவே இறக்கிவிடும். ஆனால் முதல் தூறல் இருக்கிறதே, அது நேர் எதிர். காய்ந்த இலையில் முதல் சொட்டு விழும்போது இலை அதிர்ந்து, சொட்டு நனைப்பதற்குள் அக்கம்பக்கத்து உலர்ந்த வித்துகள் பறந்துவிடுகின்றன. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டட் வேளாண் நிலையத்தில் ஹர்ஸ்டும் ஸ்டெட்மனும் 1963இல் இதை எழுதினார்கள். 2019இல் அதிவேகக் கேமராவை வைத்துக் கோதுமை இலையில் பார்த்தபோது, விழும் சொட்டைச் சுற்றிக் காற்றே ஒரு வளையமாகச் சுழன்று துருநோய் வித்துகளை அள்ளி மேலே தூக்குவது தெரிந்தது.

இடிமழை இன்னும் ஒரு படி மேலே. வைகாசி மாலையில் மேற்கே மலைமேல் கறுத்துக்கொண்டு வரும். மழைக்கு முன்னால் சில்லென்று ஒரு காற்று புழுதியை வாரிக்கொண்டு தெருவுக்குள் நுழையும். மேகத்துக்குள்ளிருந்து இறங்கித் தரையில் மோதிப் பரவுகிற காற்று அது. கொல்லையில் இருப்பதையெல்லாம் வழித்து மூக்கு மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். மெல்போர்னில் 2016 நவம்பர் 21 அன்று இப்படியொரு இடிமழையில் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். அங்கே முதல் குற்றவாளி புல்லின் மகரந்தம். ஆனால் கனடாவின் ஒட்டாவா நகரத்தில் குழந்தைகளின் ஆஸ்துமா வருகையை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், இடிமழை நாட்களில் காற்றில் பூஞ்சை வித்து ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. குளுகுளுவென்று இருக்கிறதே என்று அந்தக் காற்றில் போய் நிற்க எனக்கும் ஆசைதான். இழுப்பு உள்ளவர்கள் அந்த அரைமணி நேரம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது நல்லது.

காளானுக்கும் மழைக்கும் இடையில் இன்னொரு கொடுக்கல் வாங்கல் இருக்கலாம் என்கிறார்கள். காளான் வித்தின் மேல் இருக்கும் சர்க்கரைப் பொருள் காற்றின் ஈரத்தை மறுபடி மறுபடி துளியாகத் திரட்டக்கூடியது என்று 2015இல் ஓஹையோவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. காட்டுக்கு மேலே மழைத்துளி கருக்கொள்ள இந்த வித்துகள் உதவக்கூடும் என்பது அவர்கள் கருத்து. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டன் பூஞ்சை வித்து காற்றில் ஏறுகிறது என்ற 2007ஆம் ஆண்டின் மதிப்பீட்டையும் சேர்த்து யோசித்தால், கல்வராயன் மலையின் மேகம் அருவியில் கொட்டும் தண்ணீரில் காளானுக்கும் ஒரு பங்கு இருக்குமோ என்று மனம் குதிக்கிறது!

மார்கழிக்கு வருவோம். பனி. கொல்லையில் மூட்டிய புகை மேலே ஏறாமல் ஒரே மட்டத்தில் பாய் விரித்தாற்போல் கிடக்கும். தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே கொஞ்சம் சூடான காற்று மூடிபோட்டுவிடுகிறது. புகை மாட்டிக்கொள்வதைப்போலவே வித்தும் மாட்டிக்கொள்ளும். வெயில் ஏறி மூடி திறக்கும்வரை இரவில் கிளம்பியதெல்லாம் தலைமட்டத்திலேயே நிற்கும். விடியற்காலை நடைப்பயிற்சிக்குப் போகிற ஆஸ்துமாக்காரர்கள், மார்கழி மாதத்தில் மட்டுமாவது வெயில் வந்தபிறகு கிளம்பலாம்.

தையும் மாசியும் ஆட்டக்காரர்களை நாமே தூக்கி மேடையில் ஏற்றும் மாதங்கள். அறுவடை இயந்திரம் நெல் வயலில் இறங்கினால் பின்னால் ஒரு பழுப்பு மேகம் எழும்பும். சுணை என்று உடம்பெல்லாம் சொறிகிறோமே, அந்தத் தூசியில் உமியின் மயிரும் உண்டு, பூஞ்சையும் உண்டு. நெற்பழ நோய் கண்ட வயலாக இருந்தால் மேகம் மஞ்சளும் கரும்பச்சையுமாகவே இருக்கும். நல்ல விளைச்சலுக்கு அடையாளம் என்று அதை லட்சுமி நோய் என்றும் சொல்வதுண்டு. களத்துமேட்டில் மக்காச்சோளம் அடிக்கிற இடம் இன்னும் மோசம். கதிரில் ஈரத்தோடு பூசணம் பிடித்திருந்தால் அதுவும் சேர்ந்து பறக்கும். கரும்பில் கரிப்பூட்டை வந்தால் குருத்திலிருந்து ஒரு கறுப்புச் சாட்டை நீண்டு வளரும். அதைத் தட்டிப் பாருங்கள், வெறும் கரித்தூள். அந்தத் தூளில் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து.

கரும்பைச் சொன்னபிறகு சக்கையை விட முடியாது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் ஓடும் மாவட்டம் இது. ஆலையிலிருந்து அப்போதுதான் வந்த சக்கையில் பாதி எடை தண்ணீர். அதனால் ஆபத்தில்லை. அதையே மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகி, போருக்குள்ளே சூடு ஏறும். அந்தச் சூட்டை விரும்பி வளர்வது தெர்மோஆக்டினோமைசிஸ் என்ற நூல்நூலான பாக்டீரியா. கறாராகச் சொன்னால் பூஞ்சை இல்லை, ஆனால் வித்து விடும் விஷயத்தில் பூஞ்சைக்கு அண்ணன். காய்ந்துபோன பழைய சக்கைப் போரைப் பிரிக்கும் தொழிலாளிக்குச் சில மணி நேரம் கழித்து மூச்சு முட்டும், காய்ச்சல் அடிக்கும். சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார். லூசியானாவில் 1941இல் அடையாளம் கண்ட நோய் இது. பெயர் பகாஸோசிஸ். இந்தியாவிலும் 1955இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பழைய சக்கையைப் பிரிக்குமுன் தண்ணீர் தெளிப்பதும், சரியான முகக்கவசம் கொடுப்பதும் கூலி கொடுப்பதைப்போலவே கடமை என்பது என் எண்ணம்.

ஐப்பசி கார்த்திகையில் வெளியே மழை, வீட்டுக்குள்ளே வேறொரு கதை. சுவரில் ஓதம் காத்து, பீரோவுக்குப் பின்னால் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூக்கும். தோல் பெல்ட்டில் வெள்ளையாகப் படியும். பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இந்த இருவரும் மிகச் சின்ன உருவம், இரண்டு முதல் நான்கு மைக்ரான். நுரையீரலின் கடைசி அறை வரை போய்வரும் அளவு. வெளியில் பருவம் மாறினால் வெளிக்கூட்டம் கலைந்துவிடும், இவர்கள் கலையமாட்டார்கள். ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் மூச்சுக்குழலிலேயே தங்கி ஒவ்வாமையை முற்றவைக்கும். இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கலாம் என்று 2014இல் ஒரு மதிப்பீடு வெளியானது. காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு. இன்ஹேலர் ஒழுங்காக எடுத்தும் வீசிங் அடங்கவில்லையென்றால் ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மொட்டைமாடித் தண்ணீர் எங்கே கசிகிறது என்று புரட்டாசியிலேயே பார்த்து அடையுங்கள்.

இத்தனை ஆட்டக்காரர்களையும் எப்படித் தலையெண்ணினார்கள்? அது தனிக் கதை, அதில் நம் நாட்டுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. கல்கத்தாவில் டி.டி. கன்னிங்ஹாம் என்ற மருத்துவர், காற்றைப் பார்த்துத் திரும்பும் ஒரு கூம்புக்குள் பசை தடவிய கண்ணாடியை வைத்து, சிறைவளாகங்களின் காற்றை நாள்தோறும் பிடித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிடித்த வித்துகளை வண்ணப்படமாகவே வரைந்து 1873இல் புத்தகமாக வெளியிட்டார். காலரா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் எதற்கும் இந்த வித்துகளோடு சம்பந்தமில்லை என்பது அவர் முடிவு. அதே காலகட்டத்தில் மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர், பட்டத்தில் கண்ணாடியைக் கட்டிப் பறக்கவிட்டு மகரந்தம் பிடித்துக்கொண்டிருந்தார். பெனிசிலியம் வித்தைத் தானே முகர்ந்து, குரல் கம்மி மார்ச்சளி கட்டியதை 1873இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதிவைத்தார். ஒருவர் கையில் கணக்கு இருந்தது, இன்னொருவர் கையில் நோய் இருந்தது. இரண்டு புத்தகங்களும் ஒரே ஆண்டில்!

இன்றைக்கும் உலகம் பயன்படுத்தும் பொறி 1952இல் வந்தது, மழைச்சொட்டு ஆராய்ச்சியில் பார்த்த அதே ஹர்ஸ்ட் வடிவமைத்தது. நிமிஷத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் இழுக்கும் காற்று ஏறத்தாழ அவ்வளவுதான். காற்று 2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கீறல் வழியாக நுழைந்து, உள்ளே சுழலும் உருளையில் ஒட்டிய பசைநாடாவில் மோதும். உருளை மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். ஒரு நாள் என்பது நாடாவில் 48 மில்லிமீட்டர். அதை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நேற்று மணிக்கு மணி யார் வந்துபோனார்கள் என்பது வரிசையாகக் கிடக்கும். விடியற்காலை 4 மணி இருக்க வேண்டிய இடத்தில் நிறமற்ற காளான் வித்துகள். விரலளவு தள்ளினால் பகல் 2 மணி, பழுப்புக் கிளாடோஸ்போரியம். அங்கங்கே வாலோடு ஒரு அல்டர்னேரியா, நடுசெல் பருத்து முதுகு வளைந்த ஒரு கர்வுலேரியா, நான்கு கொம்போடு புல்லிலிருந்து வந்த ஒரு டெட்ராப்ளோவா. இந்தக் கடைசி ஆளைப் பார்த்துக் கைதட்டாமல் இருக்க முடியாது.

கண்ணை உறுத்தும் ஒரு கணக்கும் இதிலிருந்து கிடைக்கிறது. நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்றால் நாளைக்கு 14.4 கன மீட்டர். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு கன மீட்டரில் அல்டர்னேரியா 100, கிளாடோஸ்போரியம் 3,000 இருந்தால் தொந்தரவு தொடங்கலாம் என்று ஐரோப்பாவில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த 3,000 கணக்கில் ஒரு நாளைக்கு நாம் உள்ளே இழுப்பது 43,200 வித்துகள். காற்றில் கரியமில வாயு கூடக்கூட இந்தத் தொகையும் ஏறக்கூடும். கரியமில வாயு அதிகமுள்ள சூழலில் வளர்த்த புல்லின் இலைகளில் அல்டர்னேரியா ஏறத்தாழ மூன்று மடங்கு வித்து விட்டதாக 2010இல் ஓர் ஆய்வு சொன்னது.

இந்தத் துறைக்கு நம்மிடம் ஆளும் உண்டு, அனுபவமும் உண்டு. அவுரங்காபாத்தில் எஸ்.டி. திலக் சொந்தமாகவே ஒரு காற்றுப்பொறி செய்து நாடெங்கும் பரப்பினார். 1980இல் இந்தியக் காற்றுயிரியல் சங்கம் தொடங்கியது. சென்னை நகரக் காற்றின் பூஞ்சை வித்துகளை பி.பி.ஆர். விட்டலும் கே. கிருஷ்ணமூர்த்தியும் கணக்கெடுத்து 1988இல் வெளியிட்டார்கள். ஆனால் சென்னைக் கணக்கு கடலோரத்துக் கணக்கு. மலையடிவாரத்தில், மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் நடுவில், ஆடியில் ஒரு காற்றும் ஐப்பசியில் ஒரு காற்றும் வாங்கும் ஊருக்கு அது பொருந்தாது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. அதன் மொட்டைமாடியில் ஒரு ஹர்ஸ்ட் பொறியை நிறுத்துங்கள். வெள்ளிமலையில் இன்னொன்று. நாடாவைப் பார்த்து எண்ண இரண்டு தாவரவியல் பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுங்கள். நெற்குலை நோயின் வித்தும் கரும்புக் கரிப்பூட்டையின் வித்தும் அதே நாடாவில்தான் விழும். ஆகவே வேளாண்மைத் துறையும் செலவில் பாதியை ஏற்கலாம். இன்றைய அல்டர்னேரியா இவ்வளவு, நாளைக்கு இடிமழை வாய்ப்பு, இன்ஹேலரைக் கையில் வைத்திருங்கள் என்று காலையில் பேருந்து நிலையத்தில் ஒரு பலகையும் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தியும் வரட்டும். மாவட்ட நிர்வாகமும் மருத்துவக் கல்லூரியும் கூடிப் பேசி, அடுத்த ஆடிக்காற்று தொடங்குவதற்குள் முதல் நாடாவைச் சுற்றிவிட வேண்டும்.